நழுவாத கம்பம்

எங்கள் கான்சாஸில் காற்று அடிப்பதில்லை, குடியிருக்கிறது. நாங்கள்தான் அதன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஒருமுறை என் தொப்பியைப் பறித்துக்கொண்டு போய், மறுவாரம் அதைவிட நல்ல தொப்பியாகக் கொண்டுவந்து போட்டது. நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்து தொப்பியைப் பார்க்கலாம்.

இந்தக் காற்றில்தான் பக்கத்து வீட்டு ஆர்லன் பென்னர் தானியக் கொட்டகையை ஒட்டி எழுபதடிக் கோபுரம் நட்டு, உச்சியில் ஆன்டெனா வைத்திருந்தான். வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிற அமெச்சூர் ரேடியோ பைத்தியம். எனக்கும் அதே பைத்தியம்தான், கொஞ்சம் தெளிந்த ரகம். அறையில் பொத்தானை அழுத்தினால் மேலே மோட்டார் கம்பத்தைச் சுழற்றும். ஆன்டெனா எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை மேசைமேல் ஒரு முள் காட்டும். ஆனால் பெருங்காற்று வந்தால் மோட்டாரின் பிடிக்குள் கம்பம் நழுவிவிடும். முள் நியூசிலாந்தைக் காட்டும், ஆன்டெனா எவனுடைய பன்றித் தொழுவத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும்.

நியூசிலாந்தில்தான் நெவில் இருந்தான். ஆடு வளர்ப்பவன். ஆர்லனும் அவனும் நேரில் பார்த்ததே இல்லை, ஆனால் முப்பது வருடமாகத் தினமும் காலையில் பேச்சு. தன் மனைவி இறந்தபோதுகூட ஆர்லன் நெவிலிடம்தான் அழுதான். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடைக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் நெவிலின் பேச்சைவிட இருமல் அதிகமாகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றுபோனது.

"கம்பம் நழுவிடுச்சு, வாலஸ். அதான் கேக்கல" என்று ஆர்லன் குளிர்காலம் முழுக்கச் சொன்னான். யாரிடமாவது விசாரிக்கலாமே என்றால் பேச்சை மாற்றுவான். பிடியையும் கம்பத்தையும் சேர்த்துத் துளைபோட்டு, குறுக்கே ஓர் எஃகு போல்ட்டை முடுக்கிவிடலாம் என்றேன். மோட்டாரின் பல்சக்கரம் உடையும் என்றான், ஏறினால் உன் முட்டி தாங்காது என்றான். கடைசியில் ஒருநாள் காற்று கண்ணயர்ந்த நேரம் பார்த்து நானே டிரில்லோடு ஏறினேன். பாதி வழியில் ஒரு பருந்து என்னிடம் திசை கேட்டது. கீழே முள் காட்டிய திசைக்கே ஆன்டெனாவைத் திருப்பி போல்ட்டை முடுக்கினேன். ஆர்லன் கீழே நின்றிருந்தான், அண்ணாந்து பார்க்கவில்லை.

மறுநாள் அடித்த காற்றில் கோழிகளெல்லாம் காலில் கல்லைக் கட்டிக்கொண்டுதான் வெளியே வந்தன. கம்பம் இம்மி நகரவில்லை. இலவங்கப்பட்டை ரொட்டியை எடுத்துக்கொண்டு ஆர்லன் வீட்டுக்கு ஓடினேன்.

அவன் கூப்பிட்டதும் நியூசிலாந்திலிருந்து ஒருவன், பக்கத்து அறையில் இருப்பவன்போல் பதில் சொன்னான். பிறகு இன்னொருவன். திசை சரிதான். ஆர்லன் நெவிலை அழைத்தான். மறுபடியும் அழைத்தான். முதலில் பேசியவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஐயா, நெவில் வந்து..." என்று தொடங்கினான்.

ஆர்லன் ரேடியோவை அணைத்துவிட்டான்.

மேசைமேல் ரொட்டி ஆறிப்போனது.

"வாலஸ், அந்த போல்ட்ட எடுத்துடறியா?" என்றான். "உன் முட்டிக்கு முடியுமா?"

"முட்டிக்கு என்னடா" என்றேன்.

காற்று அடங்கியதும் ஏறினேன். வழியில் பருந்து எதுவும் வரவில்லை.

மறுநாள் காலையில் போனபோது ஆர்லன் முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மறுபடியும் நழுவிடுச்சுடா. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

சன்னலுக்கு வெளியே ஒரு கோதுமைத் தாள்கூட அசையவில்லை. நான் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"ராத்திரி பயங்கரக் காத்துடா" என்றேன். "என் தொப்பியவே தூக்கிட்டுப் போயிடுச்சு."