கவிழ்ந்த கார்களைத் திருப்புகிறவன்

"ஆறு கிலோவா? அலமாக்! கல்யாணமா தம்பி? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு."

குளுவாங் மளிகைக் கடையில் சுப்ஹான் பாய் சீனிப் பொட்டலங்களை மேசைமேல் அடுக்கிக்கொண்டே கேட்டார். வசந்தன் சிரிக்கவில்லை.

"காருக்குத்தான் பாய்."

"எப்பவும் ரெண்டு கிலோதானே வாங்குவே. கார் வளந்துடுச்சா?"

"நாளைக்கு சிங்கப்பூர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. கொஞ்சம் இனிப்பா இருக்கட்டும்."

"ரொம்ப இனிச்சா வியாதிடா" என்றார் பாய். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். பொட்டலங்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

முழங்கை நீளமுள்ள ரிமோட் கார்களைச் சிமெண்டுத் தளத்தில் பந்தயம் விடுகிறவர்களுக்குச் சீனித் தண்ணீரின் அருமை தெரியும். காலையில் தெளித்துக் காயவிட்டால் தரை லேசாகப் பிசுபிசுக்கும். டயர் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். அளவு தப்பினால் வேறு கதை. தரை டயரை விடவே விடாது. வேகமாக வருகிற கார் வளைவில் சறுக்க முடியாமல் அப்படியே குப்புறக் கவிழும். ஓசூரில் இரண்டு வருடம் ஓட்டி இதையெல்லாம் கற்ற பிறகுதான் வசந்தன் மலேசியாவுக்கு வந்தான். குளுவாங்கில் ஒரு மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலை. வரும்போது பெட்டியில் துணிகளுக்கு நடுவே காரையும் சுற்றிக் கொண்டுவந்தான்.

கொண்டுவந்த காரை ஓட்ட இடம் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில் நேப்பாளக் காவலாளி விசில் ஊதித் துரத்தினான். அவன் குடியிருந்த தாமான் வீடுகளுக்கு நடுவே இருந்த திடலில் புல். மாலை மழை பெய்தால் சேறு. ஃபுட்சால் கோர்ட்டுக்காரர் காரின் டயரைத் தடவிப் பார்த்துத் தலையாட்டி அனுப்பிவிட்டார். ஞாயிறுதோறும் காரை முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். ரெங்கம் பக்கம் போனால் எந்தப் பாதையும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் போய் மண்ணாக முடிந்தது. லாபிஸ் ரயில் நிலையத்தின் பின்னால் நல்ல தளமொன்று தென்பட்டது. சுற்றிலும் கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒருநாள் பாலோ ஊரைத் தாண்டி, மழைக்கு ஒதுங்கிய இடத்தில், பாசி மூடிய ஒரு சிமெண்டுத் தளத்தில் கால் வழுக்கியது. விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே சுற்றிப் பார்த்தான். கூடைப்பந்துத் திடலைப்போல இரண்டு மடங்கு இருக்கும். ஒரு காலத்தில் காப்பிக்கொட்டை காயவைத்த களம். காப்பியை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட தோட்டக்காரர் ஐயாசாமி அதை மறந்தே போயிருந்தார்.

"என்னமோ பண்ணிக்க. பாம்பு இருக்கும், பாத்து" என்றார் ஐயாசாமி.

நான்கு மாத ஞாயிறுகள் அவன் தனியாளாக அந்தத் தளத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தான். வெடிப்புகளை அடைத்தான். பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்து ஓடுபாதைக்குக் கரை கட்டினான். அப்போதுதான் கனகராஜ் வந்து சேர்ந்தார். குளுவாங்கில் கார் ஏர்கான் கடை வைத்திருப்பவர்; வசந்தனின் மோட்டாரில் கட்டியிருந்த குட்டிக் காரைப் பார்த்து வழிமறித்து விசாரித்தவர். முதல் வாரம் தனியாக வந்தார். அடுத்த வாரம் நாலு பேர். இரண்டு மாதத்தில் கூடாரம், நேரம் பார்க்கும் கருவி, ஓட்டுநர்கள் ஏறி நிற்க இரும்பு மேடை, எல்லாம் வந்தன. கிளப் என்று ஒன்றும் வந்தது.

கிளப்பின் முதல் கூட்டத்தில் கனகராஜ் ஒரு விதியைச் சொன்னார். உறுப்பினர் உள்ளூர்க்காரராக இருக்கவேண்டும். உறுப்பினர்தான் கார் ஓட்டலாம்.

"தப்பா நினைக்காதே வசந்தா. ரூல் லா. உன் பெர்மிட் முடிஞ்சா நீ பிளேன் ஏறிடுவே. நாங்கதானே இங்க இருக்கணும்? அதுக்காக வராம இருந்துடாதே. கார் கவிழ்ந்தா திருப்பிப் போட நல்ல ஆள் வேணும். உன்ன மாதிரி குனிஞ்சு நிமிர யாருக்கு முடியும்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் கையில் ஓர் ஆரஞ்சு நிற மேல்சட்டையைத் திணித்தார்கள்.

மூன்றாம் வளைவு அவன் இடம் ஆயிற்று. கவிழும் காரிடம் ஓடவேண்டும், நிமிர்த்தி விடவேண்டும், ஒதுங்கவேண்டும். மேடையிலிருந்து "வசந்தா, திருப்பு! டேய், தூங்கறியா?" என்று குரல் வரும். காலையில் சீனி கரைத்துத் தெளிப்பது அவன். மாலையில் கழுவுவது அவன். எல்லாரும் போன பிறகு தன் காரை நாலு சுற்று விடலாம் என்ற நப்பாசையில்தான் போய்க்கொண்டிருந்தான். இருட்டுவதற்குமுன் அவர்கள் ஒருநாளும் போனதில்லை. ஒரு வருடமாக அவன் கார் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

அதையும் பொறுத்திருப்பான். போன வாரம் கனகராஜ் சிங்கப்பூர்க்காரர்களோடு போனில் பேசியதுதான் அவன் வயிற்றில் தீயை வைத்தது. "இந்த இடத்த நான்தான் பிரதர் கண்டுபிடிச்சேன். காடு காடா அலைஞ்சேன். பாசிய என் கையாலயே தேச்சேன், தெரியுமா?" வசந்தன் எட்டடி தூரத்தில் அதே பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கனகராஜ் அவனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சிங்கப்பூர்க்காரர்களுக்குத் தளம் பிடித்துவிட்டால் மாதாமாதம் பந்தயம். பிடித்துவிட்டால் ஐயாசாமி களத்தை மூன்று வருடத்துக்குக் கனகராஜ் பெயரில் எழுதிக் கொடுப்பார். இல்லையென்றால் செம்பனைக் குலை ஏற்றும் லாரிகளை நிறுத்த ஒருவன் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தான். லாரி ஏறினால் தளம் ஒரே மாதத்தில் நொறுங்கும் என்பது வசந்தனுக்குத் தெரியும். நொறுங்கட்டும் என்று முடிவு செய்தபிறகுதான் சுப்ஹான் பாய் கடைக்குப் போனான்.

ஞாயிறு காலை ஆறு கிலோவையும் கரைத்து, தோளில் மாட்டும் தெளிப்பானால் சீராக அடித்தான். மூன்றாம் வளைவில் இரண்டு முறை.

வானம் மூடியிருந்தது. ஈரம் காயாதவரை அதிகச் சீனி ஒன்றும் செய்யாது; பயிற்சி ஓட்டத்தில் கார்கள் தண்டவாளத்தில் ஓடுவதுபோல ஓடின. கனகராஜ் மேடையிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "கிரிப் நல்லா இருக்கு லா! இன்னைக்கித்தான் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கே!" லாபிஸ் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை போதும், எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். வசந்தன் சாமி கும்பிடுகிறவன் இல்லை. அன்று வெயிலுக்காகக் கும்பிட்டான்.

சாப்பாட்டு நேரத்தில் மேகம் விலகியது. சுள்ளென்று அடித்த வெயிலில் தளம் கண்ணாடிபோல மின்னியது. காலடியில் செருப்பு ஒட்டிப் பிரிகிற சத்தம் மாறியது அவனுக்கு மட்டும் கேட்டது.

பந்தயம் தொடங்கியது. சிங்கப்பூர்க் குழுவின் தலைவர் ரூபேந்திரனின் நீலக் கார் முன்னால். ஒட்டினாற்போலக் கனகராஜின் சிவப்புக் கார். முதல் சுற்றிலேயே நீலம் மூன்றாம் வளைவில் எகிறிக் கவிழ்ந்து, மல்லாந்த கரப்பான்போலச் சக்கரம் சுழற்றியது. பின்னால் வந்த சிவப்பும் கவிழ்ந்தது. அதன்மேல் ஒரு மஞ்சள். அதன்மேல் இன்னொன்று.

"வசந்தா, திருப்பு!"

வசந்தன் கைகளைக் கட்டிக்கொண்டான்.

"டேய், செவிடா? திருப்புடா!"

அவன் மேடையை நிமிர்ந்து பார்த்தான். அசையவில்லை. சிங்கப்பூர்க்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வசந்தனுக்கு ஒரு வருடத்துக் கூலிபோல இருந்தது.

கனகராஜ் மேடையிலிருந்து இறங்கி வந்தார். பாதி வழியில் அவருடைய வலது செருப்பு தரையோடு நின்றுவிட்டது. குனிந்து பிடுங்கினார். விரலால் தரையைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது.

"எத்தன கிலோ?"

"ஆறுண்ணே."

"பைத்தியமா உனக்கு?"

"இல்லண்ணே. நல்லாத்தான் இருக்கேன்."

அடித்துவிடுவார் என்றுதான் வசந்தன் நினைத்தான். கனகராஜ் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவர் பெட்டியை மூடத் தொடங்கியிருந்தார். ஐயாசாமி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். கனகராஜின் குரல் இறங்கியது.

"சரி, கேளு தம்பி. வெயில் ஜாஸ்தி, தரை சூடாயிடுச்சுன்னு நீயே வந்து சொல்லு. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு அவனுங்களுக்கும் தெரியும். தண்ணி அடிச்சுக் கழுவிடு. சாயங்காலம் நீயும் உன் கார எடுத்து ஓட்டு. நாளைக்கே உன்ன மெம்பராக்கிடறேன்."

"ரூல் இருக்கேண்ணே."

"ரூல் கிடக்குது லா. நான் போட்டதுதானே? மாத்திட்டாப் போச்சு."

ஒரு வருடமாக எதற்காகக் குனிந்து நிமிர்ந்தானோ, அது கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. தலையாட்டினால் போதும். ஆனால் அத்தனை ஞாயிறுகளும் இவருடைய வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிடந்தன என்று தெரிந்தபோது, காலையில் இருந்ததைவிட அவனுக்கு ஆத்திரம் கூடியது.

கூடாரத்தைப் பார்த்து உரக்கவே சொன்னான்.

"சீனிய அள்ளிப் போட்டது நான்தாங்க. தெரிஞ்சுதான் போட்டேன். இந்த இடத்தக் கண்டுபிடிச்சதும் நான்தான், பாசி தேச்சதும் நான்தான். இவரையே கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. கனகராஜின் முகமே சொல்லிவிட்டது. ரூபேந்திரன்தான், "அப்ப நீங்க ஏன் ப்ரோ ஓட்டல?" என்றார்.

"எனக்குத் திருப்புற வேலை குடுத்திருக்காங்க."

ஐயாசாமி எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "ரெண்டு பேரும் சேந்து என் களத்த எறும்புக்கு எழுதி வெச்சிட்டீங்க. நாளைக்கு லாரிக்காரன வரச் சொல்லிடறேன்" என்றார். கனகராஜ் "ஐயா, ஐயா" என்று பின்னாலேயே நாலடி ஓடினார். அவர் திரும்பவில்லை.

"இன்னைக்கி ஒருநாள்தானே இருக்கு" என்றார் ரூபேந்திரன். அவருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. "பார்டர்ல மூணு மணி நேரம் நின்னு வந்திருக்கோம். கவிழ்ந்தாலும் பரவால்ல, ஓட்டிட்டுப் போறோம். ஆனா யாரு திருப்பறது?"

கிளப் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வசந்தன் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றினான். இரண்டாக மடித்து, மரியாதையாகவே, கனகராஜின் தோளில் போட்டான். தன் கார் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு மோட்டாரை நிறுத்தியிருந்த செம்பனை மரத்தடிக்குப் போனான்.

உடனே கிளம்பவில்லை. கார்கள் சீறும் சத்தம் எழுந்தது. பிறகு டப்பென்று ஒன்று. கனகராஜ் மூன்றாம் வளைவில் நின்றார். சட்டை அவர் வயிற்றுக்குப் பொத்தான் எட்டாமல் திறந்து கிடந்தது. குனிந்தார். நிமிர்வதற்குள் இன்னொன்று கவிழ்ந்தது. மேடையிலிருந்து யாரோ, "அண்ணே, திருப்புங்க! சீக்கிரம்ண்ணே!" என்று கத்தினார்கள். கனகராஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி குனிந்தார். அதைப் பார்த்த பிறகுதான் வசந்தன் வண்டியை உதைத்தான்.

இனி காரை ஓட்ட இந்த வட்டாரத்தில் ஓர் இடமும் இல்லை என்பது பாலோவைத் தாண்டிய பிறகு அவனுக்கு உறைத்தது. அப்போதும் சிரிப்பை அவனால் அடக்க முடியவில்லை.