தோல் உரிக்காத புழுக்கள்

என் மனைவி அமுதவள்ளி முப்பது வருடமாகப் புழுக்களோடு குடித்தனம் நடத்துகிறாள். நடுவில் நானும் இருக்கிறேன். புழு எப்போது தோல் உரிக்க வேண்டும், எப்போது கூட்டுப்புழுவாக வேண்டும் என்று அதன் உடம்பில் ஊறும் ஹார்மோன்தான் உத்தரவு போடுகிறதாம். பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஆராய்ச்சி அதைப் பற்றித்தான். கிள்ளான் நகரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு அதில் ஒரே வேலை, ஆமணக்கு இலை சப்ளை. வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு செடி வளர்க்கிறேன். தினமும் காலையில் இலை பறித்து, துடைத்து, பொட்டலம் கட்டித் தருவேன். எனக்கு அவள் சோறு கட்டித் தந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நிபந்தனை ஒன்றுதான். செடிக்கு மருந்து அடிக்கக் கூடாது. அடித்தால் வீட்டை விட்டே துரத்திவிடுவேன் என்றாள். செய்யக்கூடியவள்தான்.

டிசம்பரில் அவளுக்கு ஓய்வு. அதற்கு முன் கடைசிச் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. புழுவைச் சீக்கிரமே தோல் உரிக்க வைக்கும் ஒரு பொருளை ஆறு வருடம் பாடுபட்டுக் கண்டுபிடித்துக் கட்டுரையும் எழுதியிருந்தாள். அதை இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும். நாற்பது புழுக்களுக்கு அந்தப் பொருளைத் தடவிய இலை, நாற்பதுக்கு வெறும் இலை.

எண்பதில் ஒன்றுகூடத் தோல் உரிக்கவில்லை. உப்பிக் கிடந்து செத்தன. வெறும் இலை தின்றவைகூட.

"இலைக்கு மருந்து ஏதாச்சும் அடிச்சீங்களா?" என்று கேட்டாள்.

"சத்தியமா இல்ல லா. மருந்து டப்பாவே வீட்டுல கிடையாது" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆய்வகத்தின் சூட்டை அளந்தாள், விளக்கை மாற்றினாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கட்டுரைய திருப்பி எடுத்துக்கிறேன்னு எழுதிட்டேன். நான் புழு வளர்த்த முறையிலேயே ஏதோ கோளாறு. அப்புறம் ஆறு வருஷத்து முடிவ எப்படி நம்புறது? அனுப்ப வேண்டியதுதான் பாக்கி."

"ஒரு புழு தோல் உரிக்காம போறதுக்கு வேற என்னதான் காரணம் இருக்கும்?" என்றேன், சும்மா பேச்சை வளர்க்க.

"எவ்வளவோ இருக்கு. வேம்புல ஒரு சரக்கு இருக்கு, அது அந்த ஹார்மோனையே மடக்கிப் போட்டுடும். ஆனா நம்ம வீட்டுல வேப்பமரம் ஏது?"

வேப்பமரம் இல்லை. ஆனால் அந்தச் சோதனை தொடங்குவதற்கு முந்தின வாரம், ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, சாத்திய வேப்பிலையை ஒரு கட்டு நான்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சாமி இலையைக் குப்பையில் போட முடியுமா? கால்படாத இடமாகச் சேர்க்க வேண்டும். ஆமணக்கில் வெள்ளைப் பூச்சி வேறு அப்பியிருந்தது. இலையை, கொத்தோடு வந்த பழமும் கொட்டையுமாக மிக்சியில் அரைத்து, ஊறவைத்து, வடிகட்டிச் செடிகளுக்குத் தெளித்தேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

"வள்ளி, அத அனுப்பாத" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மருந்து அடிச்சீங்களான்னு கேட்டேனே!"

"அம்மன் இலைய மருந்துன்னு யாரு சொல்லுவா? பிள்ளைக்கு அம்மை போட்டப்ப அதுலதானே குளிப்பாட்டினோம்?"

எழுந்தாள். தட்டு பறக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவளோ திரும்ப உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். என் மாமனார் செத்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"அப்ப தப்பு என்னோடது இல்ல" என்றாள்.

"இல்லம்மா. முழுசா என்னோடது." ஒரு தப்பை அவ்வளவு சந்தோஷமாக நான் ஒப்புக்கொண்டதே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுதியதை அழித்தாள். அப்புறம் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "எத்தன பிடி இல? எவ்வளவு தண்ணி? எத்தன மணி நேரம் ஊறிச்சு?" போலீஸ் ஸ்டேஷனில்கூட அப்படிக் கேட்க மாட்டார்கள்.

புதுப் புழுக்களோடு அவள் சோதனையை மறுபடி தொடங்கினாள். என் செடிகள் பன்னிரண்டையும் ஒதுக்கிவிட்டு, தூரத்தில் பந்திங் ஊரில் இருக்கும் ஒரு நண்பர் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் இலை கொண்டு வந்தேன். போகவர முதுகு ஒடிந்தது. வாயைத் திறக்க எனக்கு ஏது உரிமை?

மூன்றாவது வாரம் போன் செய்தாள். "உடனே வாங்க." முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஆய்வகத்துக்குள் என்னை விட்டாள். ஒரு புழு நெளிந்து நெளிந்து பழைய தோலைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தப் பொருளைத் தின்றது, வெறும் இலை தின்றவற்றைவிட இரண்டு நாள் முந்திவிட்டது. முழுதும் கழன்று விழும்வரை என் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். இலை கொடுத்தவர் என் கணவர் நாகையா. முதல் சோதனையைக் கெடுத்தவரும் அவரே.

"ரெண்டாவது வரிய எடுத்துடவா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் இருக்கட்டும்" என்றேன்.