பிரிவு: கீழ்க்கணக்கு

ஜீவராணி தப்புச் செய்தாலும் அதைத் திருத்தமாகத்தான் செய்வாள். குயில்மலைத் தோட்டத்தில் அவளைப் பிடிக்காதவர்கள்கூட இதை ஒத்துக்கொள்வார்கள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. ஆறு வருடமாகிறது. எந்தக் குழந்தை எப்போது பால் குடித்தது, எதற்கு எந்த ஊசி போட வேண்டும் என்ற விஷயத்தில் அவளை மடக்க ஒருவராலும் முடிந்ததில்லை. மடக்கப் பார்த்தவர்களிடம் அவள் ஒரு பெட்டியை எடுத்துக் காட்டுவாள்.

உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறக் கைக்கணினி அது. கொழும்பில் கம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்யும் அவள் தம்பி விஜிதரன், இரண்டாயிரமாம் ஆண்டு தீபாவளிக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். யாரோ ஒரு பெரிய மனிதர் புதியதை வாங்கிக்கொண்டு பழையதை வேண்டாமென்று கடையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். மையில்லாத ஒரு பிளாஸ்டிக் பேனாவால் அதன் கண்ணாடியில் எழுத வேண்டும். அதுவும் அது கேட்கிறபடி எழுத வேண்டும். இங்கிலீஷ் ஏ எழுதினால் நடுக்கோடு போடக் கூடாது. தமிழ் அதற்குச் சுத்தமாகத் தெரியாது. அதற்காக ஜீவராணி விடுவாளா? தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதப் பழகிக்கொண்டாள். மூன்றே மாதத்தில் பிள்ளைக்காம்பராவின் பால் பதிவேட்டிலும் ஏ-க்கு நடுக்கோடு காணாமல் போனது. டிஸ்பென்சரி ஐயா திட்டிப் பார்த்துக் களைத்துவிட்டார்.

முதலில் தோட்டமே சிரித்தது. “என்ன ஜீவா, பொட்டிக்குப் பால் கொடுத்தாச்சா?” என்று கேட்டுக்கொண்டே போவார்கள். பெட்டரி மாற்றுகிற நாளில் அவள் படுத்திய பாடும் சிரிப்புக்கு ஒரு காரணம். பழைய பெட்டரியைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் புதியதைப் போடாவிட்டால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். அந்த ஒரு நிமிடம் அழுகிற குழந்தைகூட வாயை மூட வேண்டும் என்று எதிர்பார்ப்பாள்.

சிரித்தவர்களே பிறகு தேடி வந்தார்கள். தலவாக்கலை பஸ் எத்தனை மணிக்கு, குழாயில் தண்ணீர் எந்த நாளில், கிளினிக் எப்போது, யாருடைய கருமாதி என்றைக்கு, எல்லாம் அதற்குள் இருந்தது. “பொட்டியில போட்டு வை ஜீவா” என்பது தோட்டத்தின் வழக்குச் சொல்லாகிவிட்டது. லெட்சுமியும் அவள் புருஷனும் மகன் எந்த மாதத்தில் பிறந்தான் என்று வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, ஜீவராணி பெட்டியைத் திறந்து இரண்டு பேரும் சொன்னது பிழை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் அவள் ஆசைப்பட்டது பெட்டிக்கோ பிள்ளைக்காம்பராவுக்கோ அல்ல. கீழ்க்கணக்குப் பள்ளிக்கூடத்துக்கு. குயில்மலையில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு டிவிசன்கள். கீழ்க்கணக்கில் உள்ளது ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், ஒரே ஓர் ஆசிரியர். வாங்குப் பலகைகள் நிறைந்ததும் மீதிப் பிள்ளைகளை “அடுத்த வருசம் வாங்க” என்று அனுப்பிவிடுவார். மேற்கணக்குப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் ஏற வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏறவா போகிறார்கள்? தன் கையால் சோறூட்டி வளர்த்த பிள்ளைகள் தேயிலை ஸ்டோர் வாசலில் சும்மா சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் போகிறார்கள், யார் போகவில்லை, ஏன் போகவில்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது டீச்சராக வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முறை விண்ணப்பித்துக் கிடைக்கவில்லை. இப்போது வயது இருபத்தொன்பது. முப்பதோடு கதவை மூடிவிடுவார்கள். இதுதான் கடைசித் தடவை.

அதனால் இம்முறை விண்ணப்பத்தை முதலில் பெட்டியில் எழுதி, ஒன்றுக்கு நான்கு தடவை பார்த்து, பிறகுதான் படிவத்தில் ஏற்றினாள். ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

இரண்டாயிரத்து இரண்டு, மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பட்டணத்துக் கல்விக் கந்தோரில் நேர்முகப் பரீட்சை. பதவி: கணித ஆசிரியர், கீழ் வகுப்புகள்.

யாருக்கோ வந்த கடிதம் என்றுதான் நினைத்தாள். பெயரும் முகவரியும் அவளுடையவைதான். பெட்டியைத் திறந்து தான் எழுதியதை வரி வரியாகத் தேடினாள். படிவத்தில் ‘பிரிவு’ என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. ஆரம்பப் பிரிவா, கணிதப் பிரிவா, விஞ்ஞானப் பிரிவா என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் பிரிவு எது என்று கேட்டால் அவள் டிவிசனைத்தானே சொல்வாள்? அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள்: கீழ்க்கணக்கு.

பிழை கந்தோருடையதாக இருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பாள். இது முழுக்க முழுக்க அவளுடையது.

மலையிலிருந்து இறங்கி வந்த அம்மா அழகம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அவங்களே கணக்கு டீச்சர் வேலை தாறாங்க. நீ ஏன் வேணாங்கிற?”

“எனக்குக் கணக்கு வராதும்மா. ஓ எல் சோதனையில ரெண்டாந் தடவதான் பாஸு.”

“படிக்கிற பிள்ளைங்களுக்கு அது தெரியவா போகுது? வாயத் தொறக்காம போய் ஒக்காரு. வேலை கெடச்சாப் போதும்.”

“எந்தப் பள்ளிக்கூடத்துக்கும்மா அனுப்புவாங்க? கணக்குக்குன்னு தனி டீச்சர் ஆறாம் வகுப்புலேர்ந்துதான். நம்ம பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பே இல்ல.”

“எங்க போட்டா என்னாடி? எங்கயாச்சும் டீச்சராகு. பொறகு பாத்துக்குவோம்.”

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. புதன்கிழமை முழுவதும் அது ஜீவராணியைக் குடைந்துகொண்டே இருந்தது.

வியாழக்கிழமை கந்தோரில் அவளை உள்ளே கூப்பிட்டபோது மணி பதினொன்று. மேசைக்குப் பின்னால் கல்வி அதிகாரி இராசரத்தினம் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பழக்கம். பக்கத்தில் கிளார்க் சிவதர்சினி, அவளும் யாழ்ப்பாணம்தான், மலைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

“இரும் பிள்ளை,” என்றார். “ஒரு பிள்ளைக்குப் பின்னம் விளங்கேல்லை எண்டு வையும். நீர் எப்பிடிச் சொல்லிக் குடுப்பீர்?”

ஜீவராணிக்கு விடை நாக்கு நுனியில் இருந்தது. தினமும் பத்து மணிக்கு ஒரு ரொட்டியை நான்காகப் பிய்த்து நான்கு வாயில் வைக்கிறவள் அவள். அரை, கால், முக்கால் எல்லாம் அவள் பிள்ளைகளுக்குப் பசியோடு தெரியும். இதைச் சொல்லியிருந்தால் மனிதர் மயங்கியே போயிருப்பார். ஆனால் யாரோ ஊர் பேர் தெரியாத பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்கப் போய்விட்டால், ஸ்டோர் வாசலில் சுற்றுகிறவர்களை யார் பார்ப்பது?

“சேர், நான் கணக்குக்குக் கேக்கல,” என்றாள்.

இராசரத்தினம் படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். “உம்மட கையெழுத்துத்தானே? பிரிவு, கீழ்க்கணக்கு.”

“அது எங்க டிவிசன் சேர். மேல இருக்கிறது மேக்கணக்கு, நாங்க கீக்கணக்கு. பிரிவு எதுன்னு கேட்டிருந்தீங்க, இருக்கிற எடத்தை எழுதிட்டேன். தப்பு என்னோடதுதான்.”

சிவதர்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். “சேர், சின்ன வகுப்புக் கணக்கு எண்டு நினைச்சு நான்தான் கடிதம் அடிச்சனான்.” இராசரத்தினத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் குரல் கந்தோர்க் குரலாக மாறியது. “சிரிச்சது காணும். ஆரம்பப் பிரிவுக்கு நேர்முகம் போன கிழமையே முடிஞ்சுது பிள்ளை. ஆக்களும் எடுத்தாச்சு. கணக்குக்கு உம்மட பெறுபேறு காணாது. நான் என்ன செய்யிறது?”

“கீக்கணக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் போட்டாச்சா சேர்?”

“அங்க என்னத்துக்கு? இடாப்பிலை இருபத்திமூண்டு பிள்ளையள். ஒரு வாத்தியார் தாராளம். நாப்பதைத் தாண்டினால்தான் ரெண்டாவது ஆள்.”

“இடாப்புல இருக்கிறது வாங்குல எடம் கெடச்ச பிள்ளைங்க சேர். கீக்கணக்குல படிக்கிற வயசுல அறுபத்தொரு பேர் இருக்காங்க.”

“ஆர் சொன்னது?”

ஜீவராணி கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். இராசரத்தினம் அதை ஏதோ பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“உதுக்குள்ளை அறுபத்தொரு பிள்ளையளோ?”

“லயம் லயமா, வீடு வீடா இருக்காங்க சேர். எதை வேணும்னாலும் கேளுங்க.”

இப்படிச் சொன்னால் கேட்காமல் இருக்கிற மனிதரா அவர்? “ஆறாம் லயம், நாலாம் வீடு.”

பேனா இரண்டு முறை தட்டியது. “கந்தப்பன் அண்ணன் வீடு. ஒரே பிள்ளை, பூரணி. தொண்ணூத்தஞ்சு ஜூன் பன்னெண்டு. ரெண்டு வருசமாப் போய்க் கேட்டாங்க, வாங்கு இல்லன்னு அனுப்பிட்டாங்க.”

“ரெண்டாம் லயம், ஏழாம் வீடு.”

“பூட்டின வீடு சேர். பிள்ளை இல்ல.”

“அஞ்சாம் லயம், முதலாம் வீடு.”

“மூணு பிள்ளைங்க. மூத்ததுக்கு எட்டு வயசு, பள்ளிக்கூடம் போகுது. ரெண்டாவதுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்ல, அதனால சேக்கல. மூணாவதுக்கு நாலு வயசுதான், அது என்னோட கணக்குல வராது.”

கடைசிப் பதில்தான் அவரை அசைத்தது. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட நினைக்கிறவள் நான்கு வயதுப் பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டாள், பூட்டிய வீட்டைப் பூட்டிய வீடு என்று சொல்லவும் மாட்டாள். முப்பத்தைந்து வருடமாகப் பொய் இடாப்புகளைப் பார்த்துப் பார்த்து அலுத்த மனிதருக்கு அது தெரியாதா?

“உது பொய் எண்டால்?” என்று ஒப்புக்குக் கேட்டார்.

“நாளைக்கே வாங்க சேர். காலையில வேலைப் பெரட்டுக்குப் பேர் கூப்பிடுறதுக்கு முன்னால வந்தீங்கன்னா வீடு வீடாக் கூட்டிப்போய்க் காட்டுறேன். அதுக்கப்புறம் வந்தா தாய் தகப்பன் மலைக்குப் போயிருவாங்க.”

இராசரத்தினம் சிவதர்சினியைத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். இழுப்பறையிலிருந்து ஒரு நீளக் கடதாசியை எடுத்தார். மேலே ‘மேலதிக ஆசிரியருக்கான சிபாரிசு’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

“நாளைக்கு வந்து பாக்கத்தான் போறன். பிழை இருந்தால் கிழிச்செறிவன். சொல்லும் பாப்பம், முதலாம் லயத்திலையிருந்து.”

ஜீவராணி வாசித்தாள். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, வீடு. அவசரப்படவில்லை. பின்னால் அடுத்த நேர்முகத்துக்கு வந்தவர்கள் கதவைத் தள்ளித் தள்ளி எட்டிப் பார்த்தார்கள். தேத்தண்ணி வந்தது, ஆறியது, இரண்டு பேரும் தொடவில்லை. நாற்பதாவது பெயரைத் தாண்டியபோது அவர் நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தார். எழுதி எழுதி அவருக்கு விரல் நொந்தது. வாசித்த அவளுக்கோ, ஒவ்வொரு பெயரும் கடதாசியில் இறங்க இறங்க, நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது.

அறுபத்தொன்றாவது பெயரை எழுதி முடித்து, அடுத்த வரியின் தொடக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு இராசரத்தினம் காத்திருந்தார்.

“அடுத்தது?”

ஜீவராணி பெட்டியை மூடி மடியில் வைத்தாள்.

“பிள்ளைங்க முடிஞ்சிட்டாங்க சேர். இனி டீச்சர் பேருதான் எழுதணும்.”

இராசரத்தினம் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். கோபப்படலாமா, சிரிக்கலாமா என்று அவருக்கே தெரியவில்லை. விரலை ஒரு முறை உதறிவிட்டுப் பேனாவை மறுபடி பிடித்தார்.

“உம்மட முதலெழுத்து என்ன பிள்ளை?” என்று கேட்டார்.