மூன்றாம் பகுதி டெஸ்ஸாவுக்கு

கனடா அணிக்காக ஆடித் தங்கப் பதக்கம் வாங்கியவள் மார்லிஸ் ஹுடக். ஆடி ஓய்ந்தபின் சஸ்காச்சவானில் பிறந்த ஊருக்கே திரும்பி, பன்னிரண்டு வயதுப் பெண்களின் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கோச் ஆனாள். சொன்ன சொல் தவறாதவள் என்று பெயர். அந்தப் பெயர் ஒரு சனிக்கிழமை மதியம் காற்றில் பறந்தது.

ஆட்டத்துக்கு மூன்று பகுதி, அணிக்கு இரண்டு கோல்கீப்பர். இறுதியாட்டத்துக்கு முன் எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னாள்: "முதல் ரெண்டு பகுதி ஜோலீன். மூணாவது டெஸ்ஸா. இதுல மாத்தமே இல்ல."

"எங்கப்பா நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வராரு கோச்" என்றாள் டெஸ்ஸா. வாயெல்லாம் பல்.

இரண்டாம் பகுதி முடிந்தபோது இரண்டுக்கு ஒன்று என்று மார்லிஸின் அணி முன்னிலை. தோற்கப் பொறுக்காத பழைய பேய் மார்லிஸுக்குள் எழுந்து உட்கார்ந்தது. டெஸ்ஸா முகமூடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். மார்லிஸ் கையிலிருந்த ஆட்டத்திட்டப் பலகையில் எதையோ கிறுக்குவதுபோல் குனிந்துகொண்டு, "ஜோலீனே நிக்கட்டும்" என்றாள். எவ்வளவு பெரிய வீராங்கனை, எவ்வளவு சின்னப் புத்தி!

ஆடாத கோல்கீப்பருக்கு ஒரு வேலை உண்டு. ஆடுபவர்கள் உள்ளே வரப் போக, பெஞ்சுப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடவேண்டும். கடைசிப் பகுதி முழுக்க டெஸ்ஸா அதைத்தான் செய்தாள். அணி வென்றது.

வென்ற நாளில் உடை மாற்றும் அறையில் சிறந்த ஆட்டக்காரியின் தலையில் கோச் ஒரு பழைய தோல்தொப்பியை வைப்பது வழக்கம். அது ஜோலீனுக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். மார்லிஸ், தன் வெட்கத்தை மூடத் தொப்பி போதும் என்று நினைத்தாளோ என்னவோ, "டெஸ்ஸாவுக்கு" என்றாள்.

டெஸ்ஸா அதை வாங்கி ஜோலீன் தலையில் வைத்தாள். "நான் ஆடவே இல்லையே கோச். இவதான அத்தனையும் தடுத்தா."

மார்லிஸின் காது வரை சூடேறியது.

டெஸ்ஸா பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "அப்பாகிட்ட எனக்கு வயித்து வலின்னு சொல்லிக்கிறேன் கோச். உங்க மேல அவருக்கு ரொம்ப மரியாதை."

மார்லிஸ் அறையை விட்டு வெளியே வந்தாள். காப்பிக் கோப்பையோடு நின்றிருந்த டெஸ்ஸாவின் அப்பா அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"வேணாங்க, போட்டுக்குங்க" என்றாள் அவள். "உங்க பொண்ணுக்குக் குடுத்த வாக்க நான் காப்பாத்தல."