பாட்டில் தானே உடைந்தது

1

சென்னைப் பத்திரிகை ஒன்று போர்ச்சுகல் ஒயின்களைப் பற்றிக் கட்டுரை கேட்டது. போயும் போயும் கள்ளக்குறிச்சிக்காரனிடம் கேட்கிறார்களே என்று சிரித்தேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன், பெயர் அச்சில் வருமே. அந்த நாட்டு ஒயினில் என் அனுபவம் மொத்தம் ஒரே ஒரு பாட்டில். அதுவும் எண்பத்தேழில், இடஒதுக்கீட்டு மறியலில் மாட்டிய பாட்டில்.

முதல் வரி இப்படி வந்தது: 'டோரோ ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களில் இளவெயில்...'

சீ. நான் பார்த்த ஆறு கோமுகி. அடித்துவிட்டேன்.

2

தகவல் வேண்டுமாமே, இந்தாருங்கள். திராட்சைச் சாறு பாதி நொதிக்கும்போதே பிராந்தியை ஊற்றி நொதிப்பை நிறுத்திவிடுவார்கள். இனிப்பு தங்கிவிடும், போதை கூடிவிடும். அதுதான் போர்ட். (அத்திப்பழ வாசனை வரும் என்பார்கள். எனக்கு இருமல் மருந்து வாசனைதான் வந்தது. இதைப் பத்திரிகை வெட்டிவிடும்.)

3

என் அப்பாவுக்குச் சின்னசேலத்தில் ஜவ்வரிசி ஆலை. கல்வராயன் மலை பங்களாவுக்கு வரவிருந்த ஓர் அதிகாரிக்குப் போர்ட் என்றால் உயிராம். பாட்டிலைச் சென்னையிலிருந்து எடுத்துவர என்னையும் டிரைவர் கொளஞ்சியப்பனையும் அம்பாசிடரில் அனுப்பினார். எனக்கு இருபது வயது. கொளஞ்சியப்பன் பதினோரு வருஷமாக எங்கள் வண்டியை ஓட்டியவர். அவரிடம் மட்டும் அப்பா சொன்னார்: "பாட்டில் வரலைன்னா நீயும் வராதே."

'மலையில் அன்று மூடுபனி...' வேண்டாம். மூடுபனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

திரும்பும்போது உளுந்தூர்பேட்டையில் ரோட்டின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மறியல்காரர்களில் வீரமணி என்பவர் வண்டிக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்தார். கொளஞ்சியப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவரும் அவர்கள் சாதிதான். மறியலுக்குப் போக லீவு கேட்டு அப்பாவிடம் வசவு வாங்கியவர்.

"இன்னாத்தப்பா எடுத்துக்கினு போறீங்க? இருபது பர்சென்ட்டுன்னு போட்டுருக்கு?"

லேபிளில் இருந்தது போதையின் அளவு. இடஒதுக்கீட்டில் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததும் அதே இருபது சதவீதம்.

கொளஞ்சியப்பன் சட்டென்று சொன்னார்: "வெள்ளக்காரனே இருபது குடுத்துட்டாண்ணே. நம்ம கவர்மெண்டுதான் குடுக்க மாட்டேங்குது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மூடியைக்கூடத் திருகிப் பார்க்காமல் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, மரத்தை ஓரம் தள்ளி வழிவிட்டார்கள்.

4

இதுவரை உண்மை. அடுத்த வாக்கியம்தான் படுத்துகிறது.

'மறியல்காரர்கள் பாட்டிலை உடைத்தார்கள்.' பொய்.

'பாட்டில் உடைந்தது.' இலக்கணம் சுத்தம். தமிழ் இதற்கெல்லாம் நல்ல வசதி. யாரும் கைவைக்க வேண்டாம், பாட்டில் தானே உடைந்துகொள்ளும்.

'தியாகதுருகம் அருகே இன்னொரு மரம் கிடந்தது. கொளஞ்சியப்பன் இறங்கிப் பேசப் போனார். வண்டிக்குள் நான் மூடியைத் திறந்து, பாதிக்குமேல்...'

[இது இப்படியே நிற்கட்டும்.]

மீதியோடு பாட்டிலை ஓடையில் வீசினேன். மறியலில் உடைத்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் தள்ளி நின்று சொன்னேன். கிட்டே போனால் வாசனை வரும். "உன் ஆளுங்கதானே?" என்று அப்பா அங்கேயே கொளஞ்சியப்பனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

5

போன வாரம் இந்தப் பக்கங்களோடு திருநாவலூர் போனேன். வேலை போனபின் கரும்பு வெட்டியே காலம் தள்ளிய கொளஞ்சியப்பன் முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அன்னிக்கே தெரியும் தம்பி. வண்டியெல்லாம் அந்த வாசனதான். நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்."

வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டால் எழுத்தாளன் என்ன செய்வான்? கதையைப் பற்றிப் பேசுவான். "ரெண்டு முடிவு வச்சிருக்கேன். ஒண்ணுல நான் அப்பாகிட்ட உண்மையச் சொல்றேன், உங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்குது. இன்னொண்ணுல நீங்க என்னை மன்னிச்சிடுறீங்க. எது வேணுமோ, படிக்கிறவங்களே எடுத்துக்கட்டும்னு விட்டுடலாமா?"

"அவங்க தலையில ஏன் கட்டறீங்க தம்பி?" என்றார். "அவங்களா குடிச்சாங்க?"