இரண்டு பேருக்கான அனுமதி

நெட்ரா என் கழுத்தை அறுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் அதைச் செய்துகொண்டிருந்த அதே நேரத்தில் நான் அவளுடைய ஞாயிறு வகுப்புக் குழந்தைகளை உட்காரவைத்து, கைகளைக் கட்டிக் கண்களை மூடச் சொல்லி, அவள் அம்மாவுக்கு உடம்பு தேற வேண்டும் என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன்.  முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊரான சீடார் சிட்டியிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் அந்தத் தேசியப் பூங்கா வந்துவிடும். இரண்டு பக்கமும் சிவப்புப் பாறைகள் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும், நடுவில் ஆறு ஓடும். உள்பள்ளத்தாக்குக்குப் பாதை என்று தனியாக ஒன்று கிடையாது. ஆற்றுக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும். எந்தெந்த நாட்டிலிருந்தோ விமானம் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நான் பார்த்ததில்லை. முதலில் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தார்கள், அப்புறம் என் கணவர் வெண்டலுக்கு உடம்பு சரியில்லை, அப்புறம் வெண்டலே இல்லை. பக்கத்தில்தானே இருக்கிறது, எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்தே காலம் போய்விட்டது.

இந்த வசந்தத்தில் டாக்டர் என் இடுப்பு எலும்பைப் படம் எடுத்துப் பார்த்தார். இலையுதிர்காலத்தில் அறுவைச் சிகிச்சை என்றார். அதற்குப் பிறகு ஆற்றிலே வழுக்குப் பாறையில் நடக்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனால் இந்தக் கோடை, இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை.

அதை நான் முதலில் சொன்னது நெட்ராவிடம்தான். எதையுமே முதலில் அவளிடம்தான் சொல்வேன். மூன்று வீடு தள்ளி இருக்கிறாள், ஒரே சபை, காலையில் வாய்க்கால் கரையில் இரண்டு பேரும் சேர்ந்து நடப்போம். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். வீட்டில் ஒரு கணவன், மூன்று மகன்கள், ஒரு ட்ரம் செட். என் வீட்டில் நான், ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜ் போடுகிற சத்தம். வெண்டல் போன பிறகு எனக்குப் பேச ஆள் என்றால் அவள் ஒருத்திதான்.

"போயிடுவோம்டி. உன்னை முதுகுல தூக்கிக்கிட்டாவது போறேன்," என்றாள்.

நினைத்தவுடன் போக முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு, அனுமதிக்குக் குலுக்கல். ஆளுக்கு ஒரு விண்ணப்பம்தான் போடலாம், ஆனால் அதில் கூட வருகிறவரையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் இரண்டு பேருக்குப் போடுவது, அவளும் இரண்டு பேருக்குப் போடுவது, யாருக்கு விழுந்தாலும் இரண்டு பேரும் போவது என்று முடிவு பண்ணினோம். என் சமையலறை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு கம்ப்யூட்டரைத் திறந்தோம்.

"எந்த நாள் வேணாலும் போடு, ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம்," என்றேன். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடைக்குக்கூடப் போக மாட்டோம்.

"ஞாயித்துக்கிழமையா? பிஷப்புக்குத் தெரிஞ்சா அதே ஆத்துல நம்மளை முக்கி எடுத்து இன்னொரு தரம் ஞானஸ்நானம் குடுத்துருவாரு," என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அடுப்பிலிருந்து ரொட்டியை எடுக்க எழுந்து போனேன். நான் முதுகைத் திருப்பிய அந்த நேரத்தில்தான் அவள் ஞாயிற்றுக்கிழமையைப் போட்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து எங்களுக்கு வேறு பேச்சில்லை. சரி, எனக்கு வேறு பேச்சில்லை. ஈரத்தில் குளிராத காலுறை எங்கே கிடைக்கும், சாப்பாட்டுக்கு வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி போதுமா, காய்ந்த மாட்டிறைச்சியும் வேண்டுமா, யார் கார், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று எல்லாவற்றையும் நான்தான் யோசித்தேன். வாய்க்காலுக்குள் இறங்கி, கையில் ஆளுக்கொரு கழியோடு, பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்து பழகினோம். போகிற வருகிற டிரக்கெல்லாம் ஹாரன் அடித்தது. "மீன் கிடைச்சுதா சிஸ்டர்?" என்று சபை ஆட்களே கத்திவிட்டுப் போனார்கள். நான் வழுக்கினால் நெட்ரா பிடித்துக்கொள்வாள். இடுப்பளவு தண்ணீரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, உள்ளே போய்ப் பார்க்காவிட்டால்கூடப் பரவாயில்லை, இதுவே போதும் என்று ஒரு தடவை தோன்றியது. எப்பேர்ப்பட்ட இளிச்சவாய் நான்!

குலுக்கல் முடிவு வந்தது. எனக்கு இல்லை. ஓட்டமும் நொண்டலுமாக அவள் வீட்டுக்குப் போனேன்.

"எனக்கும் இல்லடி," என்றாள். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்புறம் நான்தான் அவளைத் தேற்ற வேண்டும் என்று சோடாக் கடைக்குக் கூட்டிப்போய், தேங்காய்ச் சாறும் பாலேடும் ஊற்றின பெரிய சோடா வாங்கிக் கொடுத்தேன். அதையும் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக் குடித்தாள், மகராசி.

பிறகு ஜூன் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை போன் பண்ணினாள். குரல் கம்மியிருந்தது.

"அம்மாவுக்கு ரொம்ப முடியல லாவோன். நாளைக்கு நான் டோக்கர்வில்லுக்கு, அம்மா வீட்டுக்குப் போகணும். என் வகுப்பை நீ பாத்துக்கிறியா?"

"அதெல்லாம் ஒரு கேள்வியா? நீ அம்மாவைக் கவனி," என்றேன்.

அப்படித்தான் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு ஜெபம் பண்ணினேன். ஒரு பொடியன், "செத்துருவாங்களா?" என்று கேட்டு அழவே ஆரம்பித்துவிட்டான். அவனை மடியில் வைத்துத் தேற்றினேன்.

எங்கள் சபையில் ஒருத்தர் படுத்துவிட்டால் டாக்டருக்கு முன்னால் உருளைக்கிழங்கு போய்ச் சேரும். உருளைக்கிழங்கைத் துருவி, பாலேடும் பாலாடைக்கட்டியும் சேர்த்து, மேலே சோள அவலை நொறுக்கித் தூவி வேகவைப்பது. கல்யாணமானாலும் சாவானாலும் அதுதான். சபை முடிந்ததும் ஒரு பெரிய தட்டு நிறையச் செய்தேன். நெட்ராவுக்குப் போன் பண்ணினேன், கிடைக்கவில்லை. பாவம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாளோ என்னவோ என்று பதறிக்கொண்டு நானே மலையிறங்கி டோக்கர்வில்லுக்கு ஓட்டிப் போனேன்.

சாகக் கிடந்த ஆர்வில்லா அம்மா ஏணியின் உச்சியில் நின்று ஆப்ரிகாட் பழம் பறித்துக்கொண்டிருந்தார். தலையில் செத்துப்போன கணவரின் தொப்பி.

"யாரு, லாவோனா? தட்டோட வர்றியே, யாருக்கு உடம்பு சரியில்ல?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா? யாரு சொன்னது?"

"நெட்ரா."

"ஓ," என்றார். கையிலிருந்த பழத்தைக் கூடையில் போட்டார். அப்புறம், "உருளைக்கிழங்கு சூடா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார்.

உள்ளே உட்காரவைத்துத் தனக்கும் எனக்கும் பரிமாறினார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

"விடியறதுக்கு முன்னாடி வந்தா கண்ணு. என் கைத்தடியை வாங்கிட்டுப் போனா. பூங்காவுக்கு, அந்த ஆத்துக்குள்ள நடக்கிற எடத்துக்குன்னா. நீயும் கார்ல இருக்கன்னுதான் நான் நெனச்சேன்."

"கார்ல யாரு இருந்தா?"

"நான் எங்க பாத்தேன், கதவுகிட்டயே நின்னு வாங்கிட்டுப் போயிட்டா. தடியைக் குடுக்க வருவா. கேட்டுக்கோ."

யாராக இருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கமில்தான். போன வருஷம் சபைக்குப் புதிதாக வந்தவள், முப்பது வயது, தினமும் ஓடுகிறவள், ஆடு மாதிரிப் பாறையில் தாவுகிறவள். என் இடுப்பை வைத்துக்கொண்டு என்னோடு ஊர்ந்து போவதைவிட அவளோடு போகலாம்தான். வரட்டும் என்று அந்த நாற்காலியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன். கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் மனசுக்குள் அடுக்கினேன். கமிலுக்கும் சேர்த்து நாலு வார்த்தை தயாராக வைத்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு கார் வந்து நின்றது. நெட்ரா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஈர ஷூ, மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. அவள் முகத்தில் நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு அமைதி இருந்தது. என்னைக் கண்டதும் அது போய்விட்டது.

"லாவோன்."

"உங்கம்மா தேறிட்டாங்கடி. என் ஜெபம் பலிச்சிருச்சு போல."

ஆர்வில்லா அம்மா தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நான் மிச்சப் பழத்தைப் பறிக்கிறேன்," என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

"சொல்லு. உனக்கு விழுந்துச்சு. எங்கிட்ட இல்லைன்ன. யாரைக் கூட்டிட்டுப் போன? கமிலையா?"

"இல்ல."

"பின்ன யாரை?"

"யாரையும் இல்ல."

"இன்னும் பொய் சொல்லாத நெட்ரா. ரெண்டு பேருக்குத்தான போட்ட? பக்கத்துல உக்காந்து என் கண்ணால பாத்தேன்."

"ரெண்டு பேருக்குத்தான் குடுத்தாங்க. இன்னொரு எடம் காலியாத்தான் இருந்துச்சு."

கமிலாக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கமிலைத் திட்டலாம், வெறுக்கலாம், சபையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். காலியான இடத்தை என்ன செய்வது? என்னைவிட ஒன்றுமில்லாததே மேல் என்று அவள் முடிவு பண்ணியிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமைங்கிறதால நான் வர மாட்டேன்னு நெனச்சியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேன்டி. பிஷப் என்ன, யாரு தடுத்தாலும் வந்திருப்பேன்."

"தெரியும். அதான் சொல்லல."

"ஏன்?"

அவள் ஷூவைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டுக் குனிந்தபடியே பேசினாள்.

"நீ பேசுவ லாவோன்."

"என்னது?"

"பஸ்ஸுல பூரா புள்ளைங்க. வீட்டுக்கு வந்தா ட்ரம். காலையில நடக்கப் போனா நீ. ஒரே ஒரு நாள் யாரும் எதுவும் சொல்லாம நான் ஏதாவது ஒண்ணைப் பாக்கணும்னு இருந்துச்சு. நீ வந்தா, அந்தா பாரு, அந்தப் பாறை என் மாமியார் மூக்கு மாதிரியே இருக்குன்னு சொல்லுவ. நானும் சிரிப்பேன். அப்புறம் ஆயுசுக்கும் எனக்கு அது உன் மாமியார் மூக்குதான்."

நான் அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"என் இடுப்பு உனக்குத் தெரியும்," என்றேன். "இந்தக் கோடையை விட்டா எனக்கு இல்லைன்னு தெரியும்."

"தெரியும்." அழ ஆரம்பித்தாள். "பாதி வழியில அதைத்தான் நெனச்சேன். சத்தியமா. தினசரிக் குலுக்கல்னு ஒன்னு இருக்கு, நாளைக்கே போடுவோம். ஆகஸ்டுக்குள்ள கெடைச்சிரும். நீயும் நானும் போவோம்."

"நான் வாயை மூடிக்கிட்டு வரணுமா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். நாய்க்குட்டியை மிதித்தால்கூட நாம் பட்டென்று அடடா என்கிறோம். அவள் யோசித்தாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

"கொஞ்ச நேரம்..." என்று ஆரம்பித்தாள்.

நான் எழுந்தேன். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. அவள் பழக்கதோஷத்தில் என் முழங்கையைத் தாங்க வந்தாள். நான் கையை உதறிவிட்டு வெளியே வந்தேன். தட்டைக் கழுவிக் கொடுத்து அனுப்புகிறேன் என்று ஆர்வில்லா அம்மா ஏணியிலிருந்து சொன்னார். 

காரை மலைமேல் ஏற்றினேன். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை.  இப்படிக் கூடவே இருந்து குழி பறிக்கிற ஒருத்தியைப் பற்றி யாரிடமாவது சொல்லித் தீர்க்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. வாய் தானாகவே திறந்தது.

"நெட்ரா, இந்தக் கூத்தைக் கேளுடி," என்று காருக்குள் சத்தமாகச் சொன்னேன்.

அதற்கு மேல் யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் வந்து சேரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.