சத்தமில்லாத பந்து

கனகசுந்தரத்துக்குப் பந்து வேண்டும். ஆனால் அது பந்து மாதிரிச் சத்தம் போடக் கூடாது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் இப்படி ஒரு பொருளைக் கேட்டுத் திருகோணமலைக் கடைகளில் அவர் ஏறி இறங்கினார். கடைக்காரர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். வயது நாற்பத்தைந்து. ஒரு சின்னக் கிரிக்கெட் கழகத்தின் செயலாளர், விக்கெட் காப்பாளரும் அவரே. கழகத்தின் மைதானத்தில் ஆமி முகாம் போட்டுவிட்டதால், சனிக்கிழமைப் பின்னேரங்களில் மூடிக் கிடந்த ஓர் அரிசி ஆலைக்குள் பயிற்சி நடந்தது. சீமெந்துத் தரை, தகரச் சுவர், பந்தைத் தடுக்க ஒரு பழைய மீன்வலை. வலையைக் கிண்ணியாவிலிருந்து சுமந்து வந்தவன் அபூதாஹிர். நெல் வியாபாரி, கழகத்தின் தொடக்க ஆட்டக்காரன். எல்லாம் வசதிதான். ஆலையின் பின்சுவரை ஒட்டி ஒரு சென்றிக் காவலரண் இருந்தது, அதுதான் சங்கடம். மணல்மூட்டை, துவக்கு, இரண்டு ஆமிக்காரர்.

சீமெந்தில் தோல் பந்தை வீசினால் தோல் உரிந்துவிடும். எழும்பி முகத்துக்கும் வரும். ஆகவே கோர்க் பந்தில் விளையாடினார்கள். ஒருநாள் அபூதாஹிர் ஓங்கி அடித்தது தகரத்தில் பட்டு வெடி மாதிரிக் கேட்டது. ஆமிக்காரர் உள்ளே வந்து எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, அடையாள அட்டை பார்த்து, பந்தையும் உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். ஒருவர் மேலும் கை வைக்கவில்லை. ஆனாலும் கனகசுந்தரத்துக்கு அந்தக் கிழமை முழுவதும் சோறு இறங்கவில்லை. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்று சொல்லிவைத்தவர்கள் அந்த வருடங்களில் எங்கள் ஊருக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்.

பந்துகள் சேர்ந்ததும் ஒரு ஞாயிறு காலை சோதனை நடந்தது. ஆலைக்குள் அவர், சென்றி இல்லாத பக்கச் சுவருக்கு வெளியே குடையுடன் அவருடைய மனைவி கமலேஸ்வரி. அவர் ஒவ்வொரு பந்தாகத் தரையிலும் தகரத்திலும் எறிவார், பிறகு வெளியே ஓடி வந்து கேட்பார்.

"கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில நீங்கள் என்ர காதை நம்பினது இண்டைக்குத்தான்," என்றாள் கமலேஸ்வரி.

"பகிடியை விடும். கோர்க் பந்து என்ன மாதிரி?"

"துவக்கு."

"கட்டி ரப்பர்?"

"தேங்காய் விழுற மாதிரி."

"ஒட்டுநாடா சுத்தின ரெனிஸ் பந்து?"

"ஆரோ கதவு தட்டுற மாதிரி. இந்தக் காலத்தில அதுக்குத்தான் எனக்குக் கூடப் பயம்."

கடைசியாக, பிள்ளைகள் விளையாடும் ஸ்பொஞ்ச் பந்தை எறிந்துவிட்டு வெளியே வந்தார். அவள் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "எப்ப எறியப் போறீங்கள்?" என்று கேட்டாள்.

"எறிஞ்சிட்டன்."

"அப்ப அதுதான்."

அதுதான் என்று முடிவாயிற்று. பந்து எழும்புமா, திரும்புமா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. சுவருக்கு அப்பால் கேட்காது, அது போதும்.

அடுத்த சனிக்கிழமை அபூதாஹிர் மட்டையோடு நின்றான். மின்சார சபையில் வேலை செய்யும் சோமசேகரம் வீசினான். ஸ்பொஞ்ச் பந்து மெதுவாக வரும், பச்சைக் குழந்தையும் அடிக்கும். அபூதாஹிரால் அடிக்க முடியவில்லை. பந்து ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம். "மட்டையைப் பாதையில விட்டிட்டு வந்தனீரோ?" என்று சோமசேகரம் சிரித்தான். பாதை என்பது கிண்ணியா ஆக்கள் ஏறி வரும் மிதவை. மனிதர், மாடு, லொறி எல்லாம் அதில்தான் களப்பைக் கடக்க வேண்டும். அபூதாஹிரும் சிரித்தான். மறுகிழமையும் அப்படியே. மூன்றாம் கிழமை ஒருவரும் சிரிக்கவில்லை.

கனகசுந்தரத்துக்கு ஏதோ உறுத்தியது. மூட்டையில் கிடந்த கட்டி ரப்பர் பந்தை எடுத்து, "இதில ஒருக்கா வீசும் பாப்பம்," என்றார். 'தும்' என்று தரையில் பட்டது. 'தட்' என்று நேரே போனது. அடுத்ததும் போனது, அதற்கடுத்ததும். விக்கெட்டுக்குப் பின்னால் குந்தியிருந்த கனகசுந்தரம் அப்போதுதான் கவனித்தார். பந்து தரையில் படும்வரை மட்டை அசையவேயில்லை. தலையும் முன்னைப்போல் இல்லை, நாடி தோளில் முட்டுமளவுக்குத் திரும்பியிருந்தது. அவர் ஸ்பொஞ்ச் பந்தை எடுத்து, அவன் இளைப்பாறி நின்ற வேளையில் இடப்பக்கமாக மெல்லப் போட்டார். அது கன்னத்தில் படும்வரை அவனுக்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் போகும்வரை அவர் பொறுத்திருந்தார்.

"எப்ப இருந்து, தாஹிர்?"

அவன் மட்டையைக் காலில் சாய்த்து வைத்தான். "தோப்பூர் வயலுக்க ஷெல் விழுந்ததே, அண்டையில இருந்து. கண்ணுக்க மண் போயிட்டெண்டு சொன்னனான். மண்ணில்ல அண்ணன்."

"ஸுல்பிகாவுக்குத் தெரியுமோ?"

"பொஞ்சாதிக்கும் தெரியா, உம்மாவுக்கும் தெரியா. நெல்லைக் கையால பாத்து வாங்கலாம். பந்தைக் காதால பாத்தனான். நீங்க வாங்கின இந்தப் பஞ்சுக்குத்தான் வாயில்ல."

ஒற்றைக் கண்ணால் பார்ப்பவனுக்குப் பந்து வருவது தெரியும். எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்பது தெரியாது. அதைத் தரைச் சத்தம்தான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் ஒரு போட்டி இருந்தது. ஷெல் விழுந்த பிறகு வரும் முதல் போட்டி. தோல் பந்து, கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளம். பாயில் விழும் பந்து அவ்வளவு சத்தம் போடாது. அது எழும்பி அந்த மிஞ்சிய கண்ணில் பட்டால்?

"போட்டியில உம்மைப் போடமாட்டன்," என்றார்.

"ஏனெண்டு மத்தாக்கள் கேட்டா?"

"உள்ளதைச் சொல்லுவன்."

"சொன்னா நாளைக்குக் கிண்ணியாச் சந்தை முழுக்க நான் குருடன். ஒரு கண் காணும் அண்ணன் எனக்கு. மட்டையையும் பறிச்சுப் போடாதீங்க."

அவன் கையுறைகளைக்கூட எடுக்காமல் போய்விட்டான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

அந்த நாட்களில் கனகசுந்தரம் சங்கக்கடையில் சீனி கேட்டவருக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்தார். அவருக்குத் தன்மேல்தான் கோபம். மாதக்கணக்காக அவனுக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் குந்தியிருந்தவர் அவர். அவனுடைய தலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியதைக் காணவில்லை. சுவருக்கு அப்பால் இருந்தவனின் காதைப் பற்றியே யோசித்து யோசித்து, முன்னால் நின்றவனின் கண்ணைத் தவறவிட்டார். பயம் மனிதனை இப்படித்தான் ஆக்குகிறது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவனை மறைத்துவிடுகிறது.

தோல் பந்துக்கு அவனை விடமாட்டார். அதில் மாற்றமில்லை. ஆனால் ஆலைக்குள் அவன் மட்டை பிடிக்க வேண்டும், அதற்குச் சத்தம் போடும் பந்து வேண்டும். சத்தம் போடுவதென்றால் சென்றிக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கூப்பிடாமல் சென்றிக்குப் போன ஆளை அந்தத் தெருவில் யாரும் கண்டதில்லை.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கப் போறீங்கள்," என்றாள் கமலேஸ்வரி. சொல்லிக்கொண்டே அடையாள அட்டையை அவருடைய சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானையும் பூட்டிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் சென்றிக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கையையும் தெரியும்படி வைத்துக்கொண்டு, அரசாங்கக் கந்தோர்களில் பழகிய சிங்களத்தில் வந்த காரியத்தைச் சொன்னார். பிறகு ரப்பர் பந்தைத் தெருவில் குத்திக் காட்டினார். ஆமிக்காரன் இளம் வயது. பந்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், உள்ளே இருந்தவனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள்.

பிறகு அவன் சொன்னது கனகசுந்தரத்துக்கு மெதுவாகத்தான் விளங்கியது. பந்துச் சத்தம் அவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. சனிக்கிழமை என்றால் அதைக் கேட்டுக்கொண்டேதான் தேத்தண்ணி குடிப்பார்களாம். முந்தி ஒருதரம் உள்ளே வந்தது புதிதாக வந்தவர்கள். இப்போது நாலு கிழமையாக ஆட்கள் உள்ளே போகிறார்கள், ஒருநாள் நாலைந்து தட்டுக் கேட்டதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று முகாமுக்கு அறிவித்தாயிற்று. நாளைக்கு உள்ளே வந்து பிடிப்பதாக இருந்தது.

"டக் டக் நல்லது, மாத்தயா," என்று அவன் அரைத் தமிழில் முடித்தான். வீட்டுக்கு வந்து, செம்பு நிறையத் தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகுதான் கனகசுந்தரத்துக்குப் பேச்சு வந்தது.

கிண்ணியாவுக்குத் திரும்பும் மீன் வியாபாரி ஒருவரிடம் அன்றே சொல்லி அனுப்பினார். வாயுள்ள பந்து இருக்கிறது, வரச் சொல்லுங்கள் என்று.

மறுநாள் அபூதாஹிர் வந்தான். மட்டையை எடுத்தான். தும், தட். தும், தட். ஆலை முழுக்க அதிர்ந்தது. வெளியிலிருந்து ஒருவரும் வரவில்லை. முகத்தில் வேர்வை வழிய வழிய அவன் அடித்தான். கனகசுந்தரம் பின்னால் குந்தியிருந்தார். பிடிப்பதற்கு அவருக்கு ஒரு பந்தும் மிஞ்சவில்லை.

திடீரென்று அவன் மட்டையைத் தரையில் வைத்தான். "போட்டிக்கு வேற ஆளைப் பாருங்க," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "எனக்கு இடது கண் தெரியாது. தோல் பந்துக்கு நிண்டா மத்ததும் போயிரும்."

சோமசேகரம் பந்தைக் கையில் வைத்தபடி, "அப்ப இவ்வளவு நாளும் என்னை எப்பிடி அடிச்சனீர்?" என்று கேட்டான்.

"காதால."

அவன் தானாகச் சொல்வான் என்று கனகசுந்தரம் எதிர்பார்க்கவில்லை.

வழக்கமாக ஆலை வாசலோடு நின்றுவிடுகிறவர் அன்று பஸ் ஏறி, அவனுடன் பாதைத் துறைவரை போனார். கடைசிப் பாதை புறப்பட ஆயத்தமாக நின்றது. அபூதாஹிர் ஏறவில்லை.

"ஆலைக்குள்ள சொல்லிட்டன் அண்ணன். ஸுல்பிகாட முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாது. எட்டு மாசம் ஏன் மறைச்சீங்க எண்டு கேட்பா. அதுக்கு எனக்கிட்ட மறுமொழி இல்ல."

ஏறினால் அன்றிரவு திரும்ப வழியில்லை. சண்டை தொடங்கிய நாளிலிருந்து கனகசுந்தரம் ஓர் இரவும் வீட்டுக்கு வெளியே படுத்ததில்லை. துறையடிக் கடையில் கெஞ்சி, சங்கக்கடைக் காவலாளிக்கு ரெலிபோன் எடுத்து, கமலேஸ்வரிக்குச் சொல்லச் சொன்னார். பிறகு பாதையில் ஏறி, அபூதாஹிரின் இடப்பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.